நாலு நட்சத்திரக்காரர்

இதுவரை எந்தப் பொருளுக்கும் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததில்லை. போனில் பொருள் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு ஐந்தை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்சல் சீக்கிரம் வந்துவிட்டதாம், அதற்கு ஐந்து. கலர் பிரமாதமாம், அதற்கும் ஐந்து. பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் முப்பத்தோரு வருடம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவன். பெயர் பரசுராமன். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவேன், வீட்டுக்காரர் மோர் கொடுத்தாலும் சரி, முறைத்தாலும் சரி. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. இருபத்துநான்கு மணி நேரம் சூடு நிற்கும் என்று ஒரு பிளாஸ்க் விற்றான். காலை ஆறு மணிக்கு வெந்நீர் ஊற்றி, மணிக்கு ஒரு தரம் திறந்து பார்த்தேன். ஒன்பதாவது மணிக்கு வெதவெதப்பு. அப்படியே எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டேன். நீ மணிக்கு ஒரு தரம் திறந்தால் எப்படி ஐயா சூடு நிற்கும் என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். மறுபடி சோதித்து மூன்றாக்கினேன்.

புதுசு என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். மகள் வினோதினி சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய, தரை பெருக்கும் ரோபோவைக்கூட வரவேற்றேன். அது கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு அழுததால்தான் ஒரு நட்சத்திரம் குறைந்தது. நல்ல பொருள் என்றால் எனக்கு நாலு. அதற்கு மேல் கிடையாது. என் மனைவி உண்ணாமலை எனக்கு ‘நாலு நட்சத்திரக்காரர்’ என்று பெயரே வைத்துவிட்டாள். அவள் ஒரு பொருளும் போனில் வாங்கியதில்லை. எந்தப் பார்சல் வந்தாலும், “இன்னா இது, அடுத்த குப்பையா?” என்பாள்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நானும் அவளும் மலை சுற்றுவோம். வீட்டு வாசலில் ஆரம்பித்து வீட்டு வாசலில் முடிப்போம். இருபத்துநான்கு வருடப் பழக்கம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வது அந்த நாலைந்து மணி நேரம்தான். வீட்டில் பேசுவதெல்லாம் பால் வந்ததா, தண்ணீர் வந்ததா என்பதோடு சரி. வினோதினியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவானது குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில். உண்ணாமலையின் அம்மா சாவுக்கு நான் நேரத்துக்குப் போகாததைப் பதினோரு வருடம் கழித்து அவள் சொல்லி அழுததும், நான் மன்னிப்புக் கேட்டதும் ஈசான்ய லிங்கம் தாண்டி.

போன வைகாசி பௌர்ணமிக்கு, கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பினோம். செங்கம் ரோட்டில் வரும்போது உண்ணாமலை தார் ரோட்டை விட்டு ஓரத்து மண்ணுக்குத் தாவினாள்.

“ஏங்க, உங்களுக்கு சுடலையா?”

“இருவத்துநாலு வருஷப் பழக்கம்மா இது” என்றேன், பெருமையாக.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். பழக்கம் இல்லை அது, சர்க்கரை. பதினைந்து வருடமாக மாத்திரையோடு சேர்ந்து உடம்பில் குடியிருந்தது, சத்தமில்லாமல் காலில் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. டவுனில் டாக்டர் ரேவதியிடம் போனோம். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“கண்ண மூடிக்கங்க சார். கால்ல தொடும்போது சொல்லுங்க.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

“எப்ப மேடம் ஆரம்பிக்கப் போறீங்க?”

“முடிச்சுட்டேன் சார். ரெண்டு காலுலயும் பத்துப் பத்து எடத்துல தொட்டுட்டேன்.”

கண்ணைத் திறந்தேன். உண்ணாமலை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடாத மீட்டரை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். என் காலிலேயே ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை.

புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று. இனிமேல் வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். சர்க்கரைக்காரர்களுக்கென்றே வருகிற எம்.சி.ஆர். செருப்பு போடலாம், அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்றார். செருப்போடு கிரிவலமா? நான் மாட்டேன் என்றேன். அடுத்த பௌர்ணமிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லட்சம் கால். ஒன்றில்கூட செருப்பு இல்லை, அல்லது என் கண்ணில் படவில்லை.

“நீயாவது போய்ட்டு வாயேன்” என்றேன் அவளிடம்.

“தனியா நடந்து நான் யார்கிட்ட பேசறது?” என்று உள்ளே போய்விட்டாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கால் போனது என்னுடையது, நடை போனது இரண்டு பேருக்கும்.

சும்மா விடுகிற ஆளா நான்? கொரோனா சமயத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி பீரோ மேலே கிடந்தது. உண்ணாமலை அன்றாடம் திட்டிய பொருள். அதில் தரைச் சூடு காட்டுகிற பட்டன் ஒன்று உண்டு. என் காலுக்குத் தெரியாததை அது சொல்லட்டும் என்று ரோட்டுக்கு நேரே நீட்டினேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஐம்பத்தாறு டிகிரி. சாயங்காலம் ஆறுக்கும் நாற்பதுக்கு மேல். விடியற்காலை ஐந்துக்கு இருபத்தாறு. ஒரு மாதம் ரீடிங் எடுத்து நோட்டோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

“விடியக்காலைல கெளம்புனா சூடு பிரச்சினையே இல்ல மேடம்.”

நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். கண்ணாடித் துண்டு, ஆணி, முள்ளு இதெல்லாம் இந்தத் துப்பாக்கி காட்டுமா?”

காட்டாது. துப்பாக்கிக்கு மூன்று நட்சத்திரம்.

அப்புறம்தான் அந்த சாக்ஸ். அடியில் ஜெல் வைத்துத் தைத்தது, விளம்பரத்தில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு சரளைக்கல் மேல் குதித்தார். சாக்ஸ் செருப்பாகாது இல்லையா, சாமிக்கும் குற்றமில்லை, டாக்டருக்கும் குற்றமில்லை என்று கணக்குப் போட்டு, அவளுக்குத் தெரியாமல் வரவழைத்தேன். தை மாதத்தில் ஒரு சாயங்காலம், போட்டுக்கொண்டு ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். எட்டு மாதத்துக்குப் பிறகு கிரிவலப் பாதையில் நடக்கிறேன். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிறையச் சிரிப்பு. வந்த வேகத்தில் விமர்சனம் எழுத நாற்காலியில் உட்கார்ந்தேன். ‘வசதி எப்படி?’ என்று ஒரு கட்டம் கேட்டது. என்ன எழுதுவது? மெத்தென்று இருந்ததா, உறுத்தியதா? எனக்கு எப்படித் தெரியும்?

அப்போது உண்ணாமலையின் குரல் கேட்டது. கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. “ஏங்க” என்று மட்டும் சொன்னாள். வாசலிலிருந்து என் நாற்காலி வரை வெள்ளை டைல்ஸ் மேல் வரிசையாக ரத்தப் புள்ளி.

வேலிகாத்தான் முள், விரல் நீளம். ஜெல்லைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்து அவள்தான் பிடுங்கினாள். எனக்கு வலிக்கவே இல்லை.

“இந்தக் கால் உங்களுது மட்டும்னு நெனச்சுட்டீங்களா? போன தடவ ராத்திரியும் பகலும் நான்தான கட்டு மாத்தினேன். வெரலை எடுக்கணும்னு சொல்லிடுவாங்களோன்னு ஒவ்வொரு தடவையும் பயந்துக்கினே டாக்டர் ரூமுக்கு உள்ள போனேன். நீங்க எழுதறதுக்கு என் உசுர எடுக்காதீங்க.”

அந்த சாக்ஸுக்கு நான் விமர்சனமே எழுதவில்லை.

டாக்டர் ஊசி போட்டுத் திட்டி அனுப்பினார், நல்லவேளை பதினைந்து நாளில் ஆறிவிட்டது. அதற்குள் ஒருநாள் பார்சல்காரர் வந்து, “உண்ணாமலைங்கறது யாருங்க?” என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்குப் பார்சல் வந்தது அதுதான் முதல் தடவை. வினோதினி போனில் சொல்லச் சொல்ல இவள் அழுத்தி வாங்கியிருக்கிறாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். பழுப்பு நிறம், ஒன்பதாம் சைஸ்.

“வீட்ல போட்டுக்கறேன். மலை சுத்தறதுக்கு மட்டும் மாட்டேன். இத்தன வருஷம் வெறுங்காலோட நடந்துட்டு...”

“சரி, வேணாம்” என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்தது எனக்கு ஆச்சரியம்தான். பெட்டியை மூடிப் பீரோவில் வைத்தாள். பெட்டி இன்னும் கனமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மாசி பௌர்ணமி. விடியற்காலை நாலரைக்கு எழுப்பினாள். குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு, பையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

“கெளம்புங்க.”

“நான்தான் சொல்லிட்டேனே” என்று ஆரம்பித்தவன், விளக்கு வெளிச்சத்தில் அவள் காலைப் பார்த்தேன். அதே பழுப்புச் செருப்பு. ஆறாம் சைஸ்.

“இன்னா இது? உனக்கு சுகர் இல்லியே.”

“இல்ல. செருப்போட சுத்துறது பாவம்னா அதுல பாதி என் கணக்குல வரட்டும். வாங்க, நேரமாவுது.”

என் ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

வாயு லிங்கம் தாண்டும்போது இருட்டு விலகவில்லை. ஒவ்வொரு லிங்கத்திலும் அவள் செருப்பைக் கழற்றி, முன்னால் போய் நிற்கிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இங்க நில்லுங்க” என்பாள். அங்கே மட்டும் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டேன். ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு மணி எதிர்ப்பட்டார். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தவர், பிறகு கீழே பார்த்தார்.

“இன்னா சார், செருப்போடவா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்ணாமலை நிற்கக்கூட இல்லை.

“கால் இருந்தாத்தான அண்ணே அடுத்த மாசமும் வர முடியும்? அவருக்குத் தெரியாதா?” என்று மலைப் பக்கம் கையைக் காட்டினாள். மணி அண்ணாந்து மலையைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், எங்களோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தார்.

டவுனைக் கடந்து ரமணாசிரமம் வரும்போது வெயில் வந்துவிட்டது. காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் வெறுங்காலோடு போக, பிறந்ததிலிருந்து இந்த ஊர்க்காரர்களான நாங்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போனோம். எனக்கே சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

“அடில மெத்துனு இருக்குது. சின்னக் கல்லு ஒண்ணுகூட தெரியல. மொதல்ல கொஞ்சம் கனம் மாதிரி இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. பின்னால வாரு மட்டும் வலது குதிகாலுல உரசுது. வெயில்ல சூடு ஏறல.”

“எதுக்கு இதெல்லாம் எங்கிட்ட சொல்ற?”

“எழுதுவீங்க இல்ல? உங்களுக்குத் தெரியாது. அதான் நானும் போட்டுக்கினு வந்தேன்.”

நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த குடும்பம் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒன்பது மாதமாக என் காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது. இவள் அங்கே வந்து நின்றுகொண்டு, இப்படி இருக்கிறது, அப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“வாரு ரொம்ப உரசுதா?” என்றேன்.

“ரொம்ப இல்ல, கம்மிதான்.”

வீடு வந்து சேர ஒன்பதரை ஆயிற்று. என் பாதம் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவள் குதிகாலில் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது, அதற்கு நான் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

காபி குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அடிப்பாகம் மெத்தென்று இருக்கிறது. கல் தெரியவில்லை. வெயிலில் சூடு ஏறவில்லை. பின்வார் வலது குதிகாலில் சற்று உரசுகிறது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இதெல்லாம் என் மனைவியின் கால் சொன்னது, என் காலுக்கு உணர்ச்சி இல்லை. நட்சத்திரம் கேட்கிற இடத்தில் என் விரல் ஐந்தாவதன் மேல் போய் நின்றது. தோளுக்குப் பின்னாலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாரு உரசுதுன்னு எழுதிட்டு அஞ்சா? நாலு போடுங்க. பொய் சொல்லக் கூடாது.”

நாலு போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அதன் கீழே ஒரு கேள்வி வந்திருந்தது. செஞ்சிக்காரர் ஒருவர். ‘ஐயா, எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி காலில் உணர்ச்சி இல்லை. மலை சுத்த வரணும்னு அழறார். இதைப் போட்டுக்கிட்டு நடக்க முடியுமா?’

டாக்டரைக் கேட்டுக்கொண்டு தாராளமாக நடக்கலாம் என்று பதில் எழுதினேன். இரண்டு ஜோடியாக வாங்குங்கள், ஒன்றை நீங்கள் போட்டுக்கொண்டு அவரோடு நடங்கள் என்றும் எழுதினேன்.