பச்சை மிதவை எந்தக் கைப்பக்கம்?

டான்யூபில் பதினாறு வருடமாகச் சுக்கான் பிடிக்கிறேன். ஆறு சரக்குத் தோணிகளைக் கட்டி முன்னால் தள்ளிக்கொண்டு போகும் கப்பல் எங்களுடையது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். (என் முதலாளி இதைப் படிக்க நேர்ந்தால்: திறந்துகொண்டுதான் ஓட்டுகிறேன்.) ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கேப்டன்கள் உட்கார்ந்து, இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டால், பத்தே நிமிடத்தில் கப்பலைக் கொண்டுபோய் ருமேனியாக்காரனின் சூரியகாந்தி வயலில் ஏற்றிவிடுவேன்.

கேப்டன் உரிமத் தேர்வில் இப்படி இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. இரண்டு முறையும் ஒரே தடுமாற்றம்: இடது, வலது.

சிரிக்காதீர்கள். ஆற்றின் இடக்கரை, வலக்கரை என்பது தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்று சொல்வது. நாம் எந்தப் பக்கம் போனாலும் அது மாறாது. எங்கள் பல்கேரியா எப்போதும் வலக்கரை; அந்தப் பக்கம் கப்பல் தடத்தின் ஓரத்தைக் காட்டுவது சிவப்பு மிதவை. எதிரே ருமேனியா எப்போதும் இடக்கரை, பச்சை மிதவை. ஆற்றோடு இறங்கும்போது பிரச்சினையே இல்லை. எதிர்த்து ஏறும்போதுதான் இடக்கரை நம் வலக்கைக்கு வந்துவிடும். சுக்கான் பிடித்த கைக்கு இது தெரியும். வாய்க்குத் தெரியாது. அதிலும் கீழே டை கட்டிய வாய்க்குச் சுத்தமாகத் தெரியாது.

எங்கள் கேப்டன் அக்டோபரில் ஓய்வு பெறுகிறார். "லியுபென், இந்தத் தடவை உரிமத்தோட வந்தா கப்பல் உன்னோடது. இல்லைன்னா விதின் துறைமுகத்துலேருந்து ஆள் கூட்டிட்டு வந்துடுவேன். கோவிச்சுக்காதே" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் இடது கண்ணிமை துடிக்க ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லை. காபியைக் குறைங்க. புத்தகத்தையும் கொஞ்சம் குறைங்க" என்றார். நான் இரண்டையும் கூட்டினேன்.

கடைசியில் என் மனைவி நெவேனா தலையிட்டாள். வீட்டையே ஆறாக்கினாள். படுக்கையறை மேல்பக்கம், சமையலறை கீழ்ப்பக்கம், நடுவே இருக்கும் நடைதான் டான்யூப். படுக்கையறையிலிருந்து நடந்தால் வலப்பக்கச் சுவரில் கோட்டு மாட்டும் ஆணி. அதில் ஒரு சிவப்புத் துப்பட்டாவைக் கட்டினாள். இடப்பக்கம் அவள் தம்பி காமெனின் அறை. அவன் கதவுப் பிடியில் ஒரு பச்சைத் துண்டு.

"அத்தான், என் கதவுல ஏன் துண்டு தொங்குது?"

"நீ ருமேனியா, மச்சான்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?"

"ரெண்டு வாரம்னு சொல்லிட்டு வந்து ரெண்டு வருஷமா இருக்கியே, நீ எங்களைக் கேட்டியா?" என்றாள் நெவேனா.

அதற்குப் பிறகு நான் நடையைக் கடக்கும்போதெல்லாம் கதவு ஒரு சாண் திறக்கும். உள்ளிருந்து ஒரு கை நீளும். "பாஸ்போர்ட்?"

படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போகும்போது ஒரு தவறும் வராது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் "பச்சை, இடக்கை" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே, துண்டை இடப்பக்கம் விடுவதற்காக வலப்பக்கம் ஒதுங்கிப் போய்க் காமெனின் கதவில் முட்டுவேன்.

"இன்னிக்கு மட்டும் இது மூணாவது தடவை. தூதரகத்துல புகார் குடுக்கப்போறேன்" என்பான் உள்ளேயிருந்து.

அது செப்டம்பர். பால்கனியில் நாற்பது கிலோ சிவப்பு மிளகாய், காரமில்லாத பெரிய வகை, வந்து இறங்கியிருந்தது. சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்குப் புட்டிகளில் அடைக்க வேண்டும். நெவேனா சட்டம் போட்டாள்: நான்கு மணிக்குப் புத்தகத்தை மூடிவிட வேண்டும், அதற்குப் பிறகு மிளகாய். முதல் நாள் ஒவ்வொரு மிளகாயையும் ஒரு மிதவையாக நினைத்துக் கிலோமீட்டர் எண் சொல்லிக்கொண்டே உரித்தேன். அவள் என் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"மிளகாய் மிளகாயாவே இருக்கட்டும்."

சரியென்று விட்டேன். சுட்ட மிளகாயின் தோல் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். கை சுடும், ஊதிக்கொள்வோம். காமென் புட்டி கழுவியபடி தன் முன்னாள் மனைவியின் நாய்க்குத்தான் தன்மேல் பாசம் என்று புலம்புவான். நாங்கள் சிரிப்போம். மூன்றாவது கூடையில், "அத்தான், உங்க கண்ணு துடிக்கிறது நின்னுடுச்சு" என்றான் அவன். எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். தேர்வுக்குக் கிளம்புகிறவன் முன்னால் வாசற்படியில் ஒரு ஜாடி தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். காரியம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓடுமாம். முதல் முறை ஊற்றினாள். கீழ்வீட்டுப் பென்கா அம்மாவின் கால்மிதி நனைந்தது, நான் தோற்றேன். இரண்டாம் முறை ஊற்றினாள். மூன்றாம் படியில் வழுக்கி விழுந்தேன், அப்புறம் தோற்றேன்.

"நான் தண்ணியிலேயே பொழைக்கிறவன். எனக்கு எதுக்கு இன்னும் ஒரு ஜாடி? இந்தத் தடவை வேண்டாம்."

"சரி" என்றாள். நெவேனா இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தேர்வு நாள் காலை. வாசலில் வெறுங்கையோடு நின்றாள். "போயிட்டு வா." ஒரு மாடி இறங்கினேன். அந்த வெறுங்கை கண்ணை விட்டு அகலவில்லை. கண்ணிமை மெதுவாகத் துடித்தது. திரும்பி மேலே ஏற ஆரம்பித்தேன்.

"நெவேனா! ஊத்திடு!"

சொல்லி முடிக்கவில்லை, கதவு திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே ஜாடியை நிரப்பி வைத்திருக்கிறாள். நான் மேலே வந்து, திரும்பி நின்று, முறையாக இறங்கும்வரை காத்திருக்கலாம் அல்லவா? அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் படிப்படியாகக் குதித்து என்னை நோக்கி வந்து இரண்டு ஷூக்களையும் நிரப்பிவிட்டுப் போனது.

"அத்தான், ஆறு உங்களை எதிர்த்து வருதே!" என்று மேலிருந்து காமென் கத்தினான்.

"மறுபடியுமா?" என்று கீழிருந்து பென்கா அம்மா கத்தினார்.

தேர்வறையில் நடந்தபோது ஒவ்வொரு அடிக்கும் ஷூவிலிருந்து தவளைச் சத்தம் வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த கேப்டன் வல்செவ் நிமிர்ந்து பார்த்தார். சூரியகாந்தி வயலை அவர் மறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ரூசேயிலேருந்து ஸ்விஷ்தோவ் போறீங்க, லியுபென். பாதின் தீவுக்குப் பக்கத்துல முன்னாடி ஒரு பச்சை மிதவை. எந்தக் கைப்பக்கம் விட்டுட்டுப் போவீங்க?"

எதிர்த்து ஏறும் பயணம். அதே கேள்வி. வாய் "இ" என்று ஆரம்பித்தே விட்டது. அப்போது கால்விரல்கள் சில்லென்றன. படிக்கட்டு கண்முன் வந்தது. நான் ஏறுகிறேன், தண்ணீர் என் முகத்துக்கு நேரே வருகிறது. எழுந்தேன். மூன்று கேப்டன்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தத் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றேன். இடப்பக்கம் கையை நீட்டினேன்: பச்சைத் துண்டு, காமெனின் கதவு. கை காட்டிய சுவரில் கண்ணை வைத்தபடியே மறுபடி அவர்கள் பக்கம் திரும்பினேன். அந்தச் சுவர் இப்போது வலக்கைக்கு வந்திருந்தது.

"வலக்கைப் பக்கம், கேப்டன்."

"பதில் சரி. எதுக்கு எங்களுக்கு முதுகு காட்டினீங்க?"

"தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தேன்."

அவர் மேசைக்கடியில் குனிந்து என் ஷூவைச் சுற்றியிருந்த ஈரத்தைப் பார்த்தார். "இங்கதான் போகுது போலிருக்கு. வீட்டுல எவ்வளவு ஊத்தினாங்க?"

"ஒரு ஜாடி."

"எனக்கு வாளி" என்றார் ஓரத்தில் இருந்த கேப்டன். அப்புறம் கேட்ட பதினொரு கேள்விகளில் தீயணைப்புக் கருவி பற்றிய ஒன்றைத்தான் விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது பென்கா அம்மாவின் கால்மிதி படிக்கட்டுக் கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே நெவேனா நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் கொஞ்சம். நடையில் ஒரு கை நீண்டது.

"பாஸ்போர்ட்?"

தேர்ச்சிச் சீட்டை அந்தக் கையில் வைத்தேன். கை உள்ளே போனது.

"உள்ள வாங்க, கேப்டன்" என்றான் காமென். "துண்டை மட்டும் எடுத்துடாதீங்க. பழகிடுச்சு."

அன்று சாயங்காலம், பென்கா அம்மாவின் உத்தரவுப்படி, படிக்கட்டு முழுவதையும் துடைத்தது புதுக் கேப்டன்தான். மேலிருந்து கீழாகத் துடைத்தேன். ஆற்றோடு இறங்கும்போது எனக்குக் குழப்பமே வராது.