பச்சை நுனிக் குண்டு

வில்லரா விமானப்படைத் தளத்தில் சுடும் பயிற்சி நாளென்றால் ஆளுக்கொரு நிறம். இழுவை விமானம் நீண்ட கயிற்றில் ஒரு துணிக்கொடியைக் கடலுக்கு மேல் இழுத்துப் போகும். விமானிகள் முறைவைத்து அதைச் சுடுவார்கள். எந்த ஓட்டை யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் குண்டுகளின் நுனியைச் சாயத்தில் தோய்த்து வைப்பார்கள். முழுக்கக் காயாத சாயம், துளைத்த இடத்தின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். 1957 மார்ச்சில் அந்த வியாழக்கிழமை மெர்வின் காலிஸ்டருக்குப் பச்சை. அவனோடு ஜோடியாகப் பறந்த நெவில் ஹாஸ்கினுக்கு மஞ்சள்.

நெவில் கொடியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது மெர்வின் தன் முறைக்காகத் தெற்கே பெரிய வட்டம் போட்டான். அங்கேதான் அது மேகத்துக்கு மேலே நின்றது. அழுக்கு ஈயத்தின் நிறம். இறக்கை இல்லை, புகை இல்லை.

குறிக்கண்ணாடியின் ஒளிவளையத்துக்குள் அதைக் கொண்டுவந்தான். எதிரியின் இறக்கை அகலத்தை முன்பே திருகி வைத்திருந்தால்தான் அந்த வளையம் தூரத்தைச் சொல்லும். அகலம் தெரியாத பொருளுக்கு முன்னால் அது குருடு. பக்கத்திலுள்ள சின்னதும் தொலைவிலுள்ள பெரியதும் வளையத்தை ஒரே மாதிரிதான் நிரப்பும். மெர்வினுக்கு அளவைச் சொன்னது நிழல். கீழே வெள்ளை மேகத்தின்மேல் அவனுடைய ஜெட்டின் நிழல் ஓடியது. அதன் அருகே, அதைப்போல் மூன்று மடங்கு அகலத்தில், இன்னொரு நிழல்.

இடப்புறம் திரும்பினான். அதுவும் திரும்பி அவன் வழியை மறித்தது. வலப்புறம் திரும்பினான். மறுபடி மறித்தது. பிறகு நேராக அவன் மேல் வந்தது.

அந்த ஜெட்டின் சுடும் விசைக்கு இரண்டு படி. பாதி அழுத்தினால் படக்கருவி மட்டும் ஓடும். முழுதும் அழுத்தினால் மூக்கிலுள்ள நான்கு பீரங்கிகளும் முழங்கும். படம் எடுக்கத்தான் விரலை வைத்தான். பாதியில் நிற்க வேண்டிய விரல் நிற்கவில்லை.

ஒரு நொடி சுட்டிருப்பான். எதிரே வானம் காலியானது. இரண்டு மூச்சு கழித்து, பின்னாலிருந்து விமானத்தில் ஏதோ ஓங்கி அறைந்தது.

தரையிறங்கியதும் ஆயுதப்பிரிவு சார்ஜன்ட் கிளாரி டக்டேல் விமானத்தின் வாலைத் தாங்கும் வால்தண்டைச் சுற்றி வந்தார். தகட்டில் ஒரு கிழிசல். விளிம்பில் சாயம். பச்சை.

"இங்க பாருங்க சார்," என்றார் டக்டேல், தாழ்ந்த குரலில். "சாயம் மொதல்ல பட்ட எடத்துல தடிப்பா இருக்கும், போகப் போகத் தேயும். தடிப்பு பின்பக்கம் இருக்கு. கிழிஞ்ச தகடும் முன்னாடி பாத்து மடிஞ்சிருக்கு. பின்னாலேருந்து வந்த குண்டு இது. ஆனா உங்க குண்டு."

ஸ்குவாட்ரன் தலைவர் பிரேஸ்வெல் தன் அறையில் மெர்வினை உட்காரச் சொல்லவில்லை.

"என்னத்தைச் சுட்ட?"

"தெரியல சார்."

"தெரியாததச் சுடுறவனுக்கு நான் விமானம் குடுக்கணுமா?" தட்டச்சு செய்த தாளை மேசையில் தள்ளினார். "அறுந்து போன கொடின்னு நெனச்சு சுட்ட. அப்புறம் பாய்ஞ்சு இறங்கி உன் குண்டையே பிடிச்சுட்ட. கையெழுத்துப் போடு."

நடக்கக் கூடியதுதான். குண்டு காற்றில் வேகம் இழந்துகொண்டே போகும். பாய்ந்து இறங்கும் ஜெட் அதை எட்டிவிடலாம். ஆனால் அப்படி எட்டினால் அடி முன்னாலிருந்துதான் விழும்.

"சாயம் பின்பக்கம் தடிச்சிருக்கு சார்."

"அந்தத் தகட்ட மாத்தச் சொல்லியாச்சு. படச்சுருளும் எங்கிட்டதான் இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு ஒரு கண்டிப்பு, நாளைக்கே பறக்கலாம். மாட்டேன்னா மனநல டாக்டர். அங்க போய் இறக்கைச் சின்னத்தோட திரும்பினவன் எவனும் இல்ல."

மெர்வின் தன் மார்பில் தைத்திருந்த இறக்கைச் சின்னத்தைக் குனிந்து பார்த்தான். பறப்பதைத் தவிர வேறு எதையும் அவன் கற்றுக்கொண்டதில்லை. கையெழுத்துப் போட்டான்.

அன்று இரவு விமானிகளின் மெஸ்ஸில் நெவில் காலி நாற்காலியின் முன் ஒரு கிளாஸ் பீரை வைத்தான். "இது உன் பறக்கும் தட்டுக்காரனுக்கு, மெர்வ். வருவானா?" எல்லோரும் சிரித்தார்கள். "முன்னாடி சுட்டுப் பின்னாடி அடி வாங்கின ஒரே ஆளு நீதான்டா. உன் குறிய வச்சுகிட்டு கல்யாணம் வேற பண்ணிக்கிட்ட."

கையெழுத்துப் போட்டவன் என்ன சொல்வான்?

மறுநாள் காலை அதே வானம், அதே கொடி. இந்த முறை தெற்கே வட்டம் போட்டவன் நெவில். ரேடியோவில் அவன் குரல் கேட்டபோது அதில் கேலி இல்லை.

"மெர்வ்... பத்து மணிப் பக்கம், இடது முன்னால. மேகத்துக்கு மேல. தெரியுதாடா?"

தெரிந்தது. அதே ஈயநிறம். அதே இரண்டாவது நிழல். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிரேஸ்வெல் உட்கார்ந்திருப்பார். பேசுவதெல்லாம் நாடாவில் பதிவாகும்.

"மறிக்குதுடா. என் மேல வருது. படம் எடுக்கறேன்," என்றான் நெவில்.

தன் விரல் பாதியில் நிற்கவில்லை. நெவிலுடையது மட்டும் நின்றுவிடுமா? நேற்று வால்தண்டில் பட்டது, இரண்டு கஜம் முன்னால் பட்டிருந்தால் எரிபொருள் தொட்டி.

"நெவில், விரல எடு. விசையத் தொடவே தொடாத. சுட்டா உன் குண்டு உனக்கே திரும்பி வரும்."

பிரேஸ்வெல்லின் குரல் குறுக்கே வந்தது. "காலிஸ்டர், அங்க ஒண்ணும் இல்லன்னு நேத்து எழுதிக் குடுத்திருக்க."

"எழுதினேன் சார். அது பொய். நெவில், மூக்கக் கீழ இறக்கு, மேகத்துக்குள்ள போ. நான் பின்னாடி வரேன்."

நெவிலின் ஜெட் மேகத்துக்குள் அமிழ்ந்தது. மெர்வின் பின்தொடர்ந்தான். வெண்மை அவனை மூடும்வரை இரண்டாவது நிழல் அவன் நிழலோடு ஒட்டியே வந்தது.

ஓடுபாதையின் ஓரத்தில் பிரேஸ்வெல் காத்திருந்தார். மெர்வினைப் பார்க்காமல் நெவிலிடம் போனார். "ஹாஸ்கின், மேல என்ன பாத்த?"

நெவில் தலைக்கவசத்தைக் கழற்றினான். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. மெர்வினை ஒருமுறை பார்த்தான்.

"மேகத்து நிழல் சார். ஏமாந்துட்டேன்."

"நல்லது." பிரேஸ்வெல் இப்போதுதான் திரும்பினார். "காலிஸ்டர், பறத்தல் பதிவேட்ட எங்கிட்ட குடு. மத்தியானம் டாக்டருக்கு வண்டி கிளம்புது."

மெர்வின் பதிவேட்டைக் கொடுத்தான். அவர் அதோடு போனார். டக்டேல் நெவிலின் பீரங்கிப் பெட்டியைத் திறந்தார். குண்டுகள் வரிசை கலையாமல் இருந்தன, மஞ்சள் நுனியோடு.

"கொடிய சுடவே இல்லியா சார்?" என்றார் டக்டேல். நெவில் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெர்வின் அவனைக் கடந்து போய் அவனுடைய விமானத்தின் வால்தண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதன்பின் வண்டி நிற்கும் இடத்தை நோக்கி நடந்தான்.