கிணற்று நீரில் சோதித்தது

மூக்குப்பொடி டாக்டர் என்று ஆய்வகத்தில் அவரை முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டப்பா, அதற்குள் வெள்ளை நானோ பொடி. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம். பூமிக்கடியில் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கும் எண்ணெய், பிசுக்கேறிய வாணலி மாதிரி, வெறும் தண்ணீருக்கு அசையாது. இந்தப் பொடியைக் கலந்து செலுத்தினால் பிடியை விட்டுவிடும் என்பது டாக்டரின் வாதம்.

அதைச் சோதிப்பது ஆய்வக உதவியாளரான அவள் வேலை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். எண்ணெய் ஊறிய விரல் நீளக் கல்லுக்குள் பொடித் தண்ணீரை ஒரு பக்கம் செலுத்தி, மறுபக்கம் சொட்டுவதை அளப்பாள்.

அவள் அண்ணன் பம்ப் ஓட்டிய எண்ணெய்க் கிணறு வற்றிக்கொண்டே வந்தது. மூடுவதற்கு முன் கடைசியாக இந்தப் பொடியை முயன்று பார்க்கலாம் என்றது நிறுவனம். எண்ணெயோடு சேர்ந்து வரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரை அண்ணனே ஒரு கேனில் பிடித்து அனுப்பினான். கடலைவிட உப்பு. பொடியைக் கலந்து வைத்து மறுநாள் பார்த்தால், பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக அடியில் கிடந்தது. அது பாறைக்குள் போனால் துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும். இதைச் சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை.

"உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கோம்மா," என்றார் டாக்டர். "நாலு மடங்கு நல்ல தண்ணி சேத்துக்கோ."

"அப்ப அது கிணத்துத் தண்ணி இல்லையே சார்?"

"அதுக்குள்ளயும் கிணத்துத் தண்ணி இருக்குதானே? உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கேன். இந்த ரிப்போர்ட்டும் கூடவே போனா நல்லது."

விளாவிய தண்ணீரில் எண்ணெய் அழகாகச் சொட்டியது. 'கிணற்று நீரில் சோதித்தது' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, வெட்கக்கேடு.

கிணற்றடியில் ஆட்கள் தயங்கினார்கள். "என் தங்கச்சி கையெழுத்துடா, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்," என்று அண்ணன்தான் எல்லோரையும் சரிக்கட்டினான். அந்தக் கிணற்று நீரிலேயே பொடியைக் கலந்ததும் அவனே. மூன்றாம் நாள் அழுத்தம் எகிறியது. ஐந்தாம் நாள் கிணறு ஒரேயடியாக அடைத்துக்கொண்டது. விசாரணைக்கு வந்த மேதாவிகள் ரிப்போர்ட்டைப் புரட்டினார்கள். சோதனை சரி, அப்படியென்றால் கலக்கியவன் தப்பு. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவன் தலையில் பழியைக் கட்ட அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்த வாரத்திலேயே அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தான்.

"அளவு பாத்துத்தான் போட்டேன் பாப்பா. ஆளாளுக்குச் சொல்லவும் இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நீ படிச்சவ, சொல்லு. நான் கலக்கினதுலதான் தப்பாயிருக்குமா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்து அறையில் டாக்டர் செருமினார்.

"இருக்கலாண்ணா," என்றாள். தன் குரலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவன் தலையாட்டினான். "அப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடறேன். வேலை போனாப் போகுது, உன் ரிப்போர்ட்ல யாரும் கை வெக்கக் கூடாது. எப்படி எழுதணும்னு நீயே சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்.