பதினேழாம் நம்பர் மலை அணில்

எங்கள் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, மனு எழுதுவது எல்லாம் ஒரே கடையில் என்றால் வருகிறவர் முகம் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை குறைதீர் நாளில் நிற்க இடம் இருக்காது. எவ்வளவு கூட்டமானாலும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பொய் சர்டிபிகேட் என்று தெரிந்தால் லேமினேஷன் மெஷினில் விடமாட்டேன். எவ்வளவு கெஞ்சினாலும் வேறு கடை பாருங்க என்று அனுப்பிவிடுவேன். வாயாடி ஜன்னத் என்ற பெயர் சும்மா வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஜான் பாஷா எனக்கு நேர் எதிர். கடையின் மறுபாதியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாற்பது வயதில் அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்தான். சின்ன வயதில் ஜில்லு பபிள்கம் வாங்கினால் உள்ளே ஒரு படம் போட்ட அட்டை இருக்கும். 'மலையும் காடும்' என்று மொத்தம் நாற்பது அட்டை. முப்பத்தொன்பதைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவிட்டார். பதினேழாம் நம்பர் மட்டும் யாரிடமும் இல்லை. அப்படி ஒன்று அச்சாகவே இல்லை, நம்பர் போட்டவன் தாண்டிவிட்டான் என்பது அட்டை சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் முடிந்த முடிவு. கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆகிறது, கேட்கவும் ஆளில்லை.

இவர் மட்டும், "இருக்குது. மலை அணில் படம். அஞ்சாவது படிக்கும்போது என் கையில வச்சிருந்தேன்" என்று எழுதினார். உடனே குரூப்பில் அவருக்குக் 'கப்ஸா பாஷா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகம் சுண்டிப்போய் அதை என்னிடம் காட்டினார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதோடு விட்டேனா? பால் வாங்க மறந்துவிட்டு வந்தாலும் 'வாங்க கப்ஸா பாஷா' என்றேன். பதில் பேசாத மனிதரைச் சீண்டுவது சுலபம். செய்தது தப்பு என்று இப்போது தெரிகிறது.

போன ஆடியில் நைனார்பாளையத்திலிருந்து வீரமுத்து வந்தார். அஞ்சாவதில் இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இப்போது மரவள்ளி போடுகிறார். பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்தது என்று துருப்பிடித்த ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றைத் திறந்தார். உள்ளே மலை அணில், பின்பக்கம் பதினேழு.

"கல்வராயன் மலைக்கு டூர் போனமே, அப்ப பஸ்ல நீதான்டா குடுத்த. பதிலுக்கு என் முறுக்கு மொத்தத்தையும் துன்னுட்ட," என்றார்.

பாஷா அட்டையை டிஷ்யூ பேப்பரில் ஏந்தி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மும்பையில் ஒரு கிரேடிங் கம்பெனி இருக்கிறதாம். அட்டை அசலா போலியா என்று சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பெட்டியில் அடைத்துத் தருவார்களாம். அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. "அசர் தொழுதுட்டு வரேன் ஜன்னத். இத பத்திரமா பாத்துக்க," என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த மனுஷனையா இத்தனை நாள் நம்பாமல் கேலி செய்தோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த பத்திரம் ஒன்றுதான். இருப்பதிலேயே கனமான லேமினேஷன் கவராக எடுத்து, அட்டையை நேராக வைத்து, மெஷினில் விட்டேன்.

திரும்பி வந்தவர் பார்த்தார். "இன்னா ஜன்னத் இது?"

"ஒசத்தி கவர் போட்டுக்கீறேன். இனிமே தண்ணி பட்டாலும் ஒன்னும் ஆவாது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அட்டை அச்சான மாதிரியே இருந்தால்தான் மதிப்பாம். "சூடு பட்ட அட்டைய எவன் தொடுவான்? அனுப்பினா சிரிப்பானுங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டிராயரில் போட்டு மூடினார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அவர் கத்தவில்லை. கவரை உரிக்க எனக்குத் தெரியும், ஆனால் அணிலின் நிறமும் கூடவே வந்துவிடும்.

அடுத்த திங்கட்கிழமை பாஸ்போர்ட் போட்டோ வெட்டும்போது கத்தி கோணிவிட்டது. ஒரு போட்டோவின் ஓரத்தில் பக்கத்துப் போட்டோவின் தோள் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே கையை நிறுத்தினேன். அணில் அட்டையின் இடது ஓரத்திலும் அப்படி ஏதோ ஒரு கோடு பார்த்த ஞாபகம்.

டிராயரைத் திறந்து, அவருடைய ரிப்பேர் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அணிலின் காட்டுக்குச் சம்பந்தமே இல்லாத நீலப் பச்சையில் நூல் அளவு ஒரு கீற்று. அவருடைய ஆல்பத்தில் பதினாறாம் நம்பரைத் தேடினேன். அது மயில். தோகையின் நுனி வலது ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துவைத்தேன். தோகை அங்கே நின்று இங்கே முடிந்தது. இரண்டும் ஒரே தாளில் அச்சானவை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவரைக் கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவள் எனக்கு ஒன்று எழுதமாட்டேனா? 'ஐயா, மேற்படி அட்டையை லேமினேட் செய்தது அடியேன். குற்றம் என்னுடையது, அட்டை மீது குற்றம் இல்லை' என்று தொடங்கினேன். இணைப்பு ஒன்று, மயில் அட்டை. இணைப்பு இரண்டு, வீரமுத்து கையெழுத்திட்ட வாக்குமூலம், முறுக்கு உட்பட. இணைப்பு மூன்று, என் ஆதார் நகல். அவர்கள் கேட்கவில்லைதான், இருக்கட்டுமே. போனில் மொழிபெயர்த்து இங்கிலீஷிலும் எழுதி கூரியரில் போட்டேன்.

இரண்டு மாதம் அவர் ஆல்பத்தையும் டிராயரையும் தொடவே இல்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

பார்சல் வந்த அன்று அவர் கையிலேயே கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்தார். மயில் தனியாக இருந்தது. கண்ணாடி மாதிரி கெட்டியான ஒரு பெட்டிக்குள், என் லேமினேஷன் கவரோடு சேர்த்து, மலை அணில். மேலே சீட்டில், அசல் என்றும், லேமினேட் செய்திருப்பதால் மார்க் இல்லை என்றும் போட்டிருந்தது. பதினேழாம் நம்பரைப் பட்டியலில் சேர்த்துவிட்டதாகக் கூடவே ஒரு கடிதம்.

"இன்னாங்க, அவுங்களும் லேமினேஷன்தான் பண்ணி அனுப்பிக்கீறாங்க. என்னுதவிட கொஞ்சம் ஜாஸ்தி கனம்," என்றேன்.

இரண்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார். படம் எடுத்து குரூப்பில் போட்டார். போன் நிற்காமல் டிங் டிங் என்றது. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அவனுங்க நம்புறது இருக்கட்டும். நீ எப்ப நம்புன?"

இப்படி நேராகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மெஷின்ல வுடும்போதே," என்றேன். "பொய்யானத நான் லேமினேட் பண்ணமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் அந்தப் பெட்டியைச் சட்டை நுனியால் துடைத்து, கலெக்டர் ஆபீஸ் போகிறவர்களெல்லாம் பார்க்கும்படி என் மெஷின் மேல் நிறுத்திவைத்தார்.