ஆறு மீட்டர் பம்ப்

பெட்டியைப் பிரித்ததுமே மேஸ்திரி சேனாதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய் அளவுக்கு இருந்த பம்பை ஒற்றைக் கையால் தூக்கி, கொத்தனார் வேலுச்சாமியிடம் காட்டினார்.

"ஏலே, இதப் பாருடா. மூணு மாடி வீட்டுக்குப் பம்பு வாங்கியாடின்னா, மீன் தொட்டிக்கு வாங்கிட்டு வந்திருக்கா."

வேலுச்சாமி சிரித்தான். தரையில் குந்தியபடி குழாய்க்குக் கிளிப் அடித்துக்கொண்டிருந்த கந்தம்மாள் நிமிரக்கூட இல்லை.

கொடைக்கானல் சரிவில் மூன்று அடுக்காக ஏறிய வீடு அது. சென்னை டாக்டர் சுசித்ராவுடையது. குளிர்காலத்தில் தரையே கதகதவென்று இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கீழறையில் காயும் வெந்நீரைப் பம்ப் தள்ளும். அது ஒவ்வொரு அறைத் தரைக்கடியிலும் சுருள் சுருளாக ஓடி, சூட்டை விட்டுவிட்டுக் கீழறைக்கே திரும்பும். அந்தக் குழாய்ச் சுருள் அத்தனையும் கந்தம்மாள் பரப்பியது. மறுநாள் காலையில் அதன்மேல் கான்கிரீட் விழும்.

"ஆறு மீட்டர்தான் தூக்கும்னு இதுலயே எழுதியிருக்கு," என்றார் சேனாதிபதி. "வீடு பத்து மீட்டர். மிச்சம் நாலு மீட்டருக்கு நீ கொடத்துல சொமப்பியா?"

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூக்கால் மலைக்கிராமத்தில் பிறந்தவர் எவரும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். ஓடை கீழே, பூண்டுக் காடு மேலே. எத்தனை உயரமோ அத்தனை பெரிய மோட்டார். கந்தம்மாளும் கூக்கால்காரிதான், போன வருஷம் ஒரு விடுதியில் இதே தரைச் சூட்டு வேலைக்கு அதே கணக்கைத்தான் போட்டாள். ஒன்றரை எச்.பி. மோட்டார் வைத்ததில் குழாயெல்லாம் ஊளையிட்டது. தங்க வந்தவர்கள் விடியுமுன்னே அறையைக் காலி செய்தார்கள். அவளே போய் மோட்டாரைக் கழற்றி எடுத்து வந்தாள். குழாய் வேலை செய்யும் பொம்பளைக்கு இந்த மலையில் ஒரு தப்பை மன்னிப்பார்கள். இரண்டாவது தப்புக்கு மறுபடி களைக்கொத்துதான்.

"ஒண்ணரை எச்.பி. மோட்டாரு வண்டியில கெடக்கு. எடுத்து மாட்டு," என்றார் அவர்.

"மாட்ட மாட்டேண்ணே."

"அப்ப வேற ஆளு மாட்டுவான். திண்டுக்கல்லுக்கு ஒரு போன் போட்டாப் போதும். எங்க காட்டுல களை வெட்டுனவ எனக்குப் பாடம் எடுக்கா."

"வெட்டுனேந்தான். நான் வெட்டுன எடத்துல திரும்ப மொளைச்சிருந்தாச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்." எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "காட்டுக்கு ஏத்துன தண்ணி மண்ணுக்குள்ள போயிரும். இது திரும்பி வருதுல்ல? பழனித் திருவிழாவுல ராட்டினம் சுத்துறதப் பாத்திருக்கீகள்ல. மேல ஏறுற தொட்டிக்கு கீழ எறங்குற தொட்டி ஈடு. உயரத்துக்குப் பம்பு வேணாம். தண்ணி குழாயில உரசுது பாருங்க, அதுக்கு மட்டுந்தான் வேணும்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா இன்னைக்கே எறங்கிப் போயிருதேன். வேலுச்சாமியே சாட்சி."

வேலுச்சாமி கரண்டியைக் கீழே வைத்தான். இனி யாருக்கும் சோலி ஓடாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

கீழிரண்டு மாடிகளின் குழாயை அடைத்துவிட்டு, மேல்மாடியை மட்டும் திறந்து, வீட்டுக்கு மேலே சரிவிலிருந்த தொட்டியின் தண்ணீரால் குழாய்களை நிரப்பினாள். சின்னப் பம்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். பம்ப் முனகியது. மூன்று பேரும் மேலே ஏறிப் பார்த்தார்கள். சுவரில் பித்தளை மேனிஃபோல்டு. ஒரு வரவுக் குழாய் அதற்குள் போய் நான்கு வாயாகப் பிரிந்தது. ஒவ்வொரு வாயிலும் ஒரு கண்ணாடிக் குப்பி, அதற்குள் சிவப்புத் தக்கை. தண்ணீர் ஓடினால் தக்கை இறங்கும்.

நான்கில் ஒன்றுகூட அசையவில்லை.

"கெளம்பு தாயி," என்றார் சேனாதிபதி, மெதுவாகத்தான்.

கந்தம்மாளின் கை அதுபாட்டுக்கு மேனிஃபோல்டின் உச்சியைத் தடவிற்று. பித்தளையைச் சுண்டினாள். வெற்றுப் பானையின் சத்தம்.

"காத்து நிக்குண்ணே. காத்த வெளிய விடாம எந்தப் பம்பு ஓடும்?"

பம்பை நிறுத்திவிட்டு, உச்சியிலிருந்த சின்னத் திருகைத் திறந்தாள். சீறியது, துப்பியது, கடைசியில் முகத்தில் தண்ணீரை அடித்தது. பிறகு சுருள் ஒவ்வொன்றாகத் திறந்து, குமிழி நிற்கும்வரை தண்ணீர் விட்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. சேனாதிபதி இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். ஆனால் கீழே இறங்கவில்லை.

மறுபடி பம்ப் ஓடியது. மூன்று தக்கைகள் இறங்கின. நான்காவது அப்படியே நின்றது. அது வடக்கு அறைச் சுருள், எல்லாவற்றிலும் நீளமானது.

"பாத்தியா? பெருசு போட்டிருந்தா அதுவும் ஓடியிருக்கும்."

"உங்க காட்டுல கடைசிப் பாத்திக்குத் தண்ணி பாயலைன்னா மோட்டாரையா மாத்துவீக?"

சேனாதிபதி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பதில் அவருக்குத் தெரியும்.

வேலுச்சாமிதான் சொன்னான். "மொத மடைய அடைப்பாக."

குளியலறைச் சுருள்தான் குட்டை. அதன் வால்வைப் பாதிக்கு மேல் திருகி அடைத்தாள். கூடத்துக்குக் கால்வாசி. அடுத்த அறைக்கு ஒரு பொட்டு. வடக்குத் தக்கை நடுங்கியது, இறங்கியது, மற்ற மூன்றோடும் ஒரே கோட்டில் வந்து நின்றது. அவள் பென்சிலால் ஒவ்வொரு வால்விலும் அந்த இடத்தைக் கீறிவைத்தாள்.

சேனாதிபதி ஜன்னல் பக்கம் போய் டாக்டருக்குப் போன் போட்டார். "எல்லாம் ஓகே மேடம். சின்னப் பம்பே போதும்னு நான் முடிவு பண்ணிட்டேன். நம்ம ஆளுகளை வச்சு டெஸ்ட்டும் பாத்தாச்சு."

கந்தம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் அவர் காதிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை, கொடுக்கிற பொருளை வாங்குவதுபோல வாங்கினாள். அவருக்கு விடுவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

"மேடம், கந்தம்மா பேசுறேங்க. குழாய் வேலை செய்யுறவ. பம்பு நான் சொன்னது. தண்ணி பிரிச்சு விட்டதும் நாந்தான். மேஸ்திரிக்கு இதுல ஒண்ணுமில்லைங்க. ஓடலைன்னா என்னையக் கேளுங்க. ஓடுனாலும் என்னையக் கேளுங்க."

டாக்டர், "வடக்கு ரூம் எனக்கு. அது சூடாகுமா?" என்றார்.

"காங்கிரீட்டு நல்லா காயட்டுங்க. ஒரு மாசம் ஆகும். அதுக்கு முன்ன யாரு சொன்னாலும் சூடு ஏத்தக் கூடாது. பொறவு வெறுங்காலோட வந்து நில்லுங்க, சொல்லுதேன்."

"சரி, உங்க நம்பரச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

சேனாதிபதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எண்ணாக, அவசரப்படாமல் சொன்னாள்.