பன்னிரண்டு கிராம்

பள்ளி விடுமுறை தொடங்கிய ஒன்பதாம் நாள், காலை பத்தரை மணிக்கு, தராசம்மாவின் பெரிய பேரன் தோட்டத்தில் வேர் விட்டான். ரோஜாப் பாத்தியில் வெறுங்காலோடு நின்று தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அடுத்த பாத்திக்குப் போகப் பார்த்தான், கால் வரவில்லை. மத்தியானத்துக்குள் நடுப்பேரனும், சாயங்காலம் நாலு வயதுப் பேத்தியும் அதேபோல வேர் விட்டார்கள். வீட்டு முன்னறையிலேயே கடிகாரம் பழுது பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மூணும் நல்லா பிடிச்சிருக்கே, கொஞ்சம் நிழலா பாத்து வெச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

தராசம்மா பதறவில்லை. எடையளவு அலுவலகத்தில் முப்பது வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவள் அவள். பதறுகிறவர்களுக்கு அந்த வேலை சரிப்படாது. கடைத்தெருவில் அவள் தலை தெரிந்தாலே வியாபாரிகள் எடைக்கற்களை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார்கள். ஒருமுறை, எடைப்பலகையின் ஓரத்தில் கால் கட்டைவிரலை வைத்து அழுத்தியபடியே வெங்காயம் நிறுத்த ஒருவனைப் பிடித்து, அன்றைக்கே கடையைப் பூட்டி சீல் வைத்தாள். அவன் அழுதான், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. "ஒரு கிராம்னாலும் திருட்டு திருட்டுதான்" என்று சொல்லிவிட்டாள். இப்போது அதே நிதானத்தோடு மண்ணில் உட்கார்ந்து, பேரனின் காலிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் கொத்தி, விரலால் துழாவித் துழாவி, மண்கட்டியோடு அவனைத் தூக்கி வெளியே வைத்தாள். உள்ளங்காலில் வெங்காய வேர் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவியதும் ஒவ்வொன்றாகக் குதிகாலுக்குள் போய்விட்டன. மருத்துவர் மூன்று ஜோடிக் கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலி இல்லையே? அப்ப விடுங்க. எடுக்கும்போது அறுந்துடாம முழுசா எடுக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லி, பெரியவனின் இருமலுக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த கோடைகளைப் போல அந்தத் தெருவில் யாருக்கும் வாய்த்ததில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்தியில் போய் நின்றுகொள்வார்கள். செடிக்கு என்ன வேண்டுமென்று அவர்களுக்குக் காலாலேயே தெரிந்தது. "பாட்டி, சாமந்திக்குத் தண்ணி போதுமாம், நீதான் சும்மா ஊத்திக்கிட்டே இருக்கியாம்" என்று நடுப்பேரன் புகார் சொல்வான். டேலியா சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்தது. சூரியகாந்திகள் சூரியனை விட்டுவிட்டுப் பேத்தி பக்கம் திரும்பின. அவள் சிரித்தால் பன்னிரண்டு பூவும் ஒரே நேரத்தில் தலையாட்டும். பொடிசு என்று அவளுக்குப் பேர் வைத்தது கடிகாரக்காரர்தான். தராசம்மா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாகப் போய் மூன்று வாய்க்கும் மாற்றி மாற்றி ஊட்டுவாள், பழைய வியாபாரிகளின் தில்லுமுல்லுகளைக் கதையாகச் சொல்வாள். கால் கட்டைவிரல் வெங்காயக்காரன் கதையைப் பொடிசு தினமும் கேட்பாள். கணவன் போன பிறகு வருஷத்தில் பத்து மாதம் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவளுக்கு அந்த இரண்டு மாதம் எவ்வளவு பெரிது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சந்தோஷமாக இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கக் கூடாது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

மகளுக்குத்தான் பயம். "எதையாவது உள்ள விட்டுட்டீன்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஊருக்குக் கிளம்பும் நாளன்று மண்ணில் இறங்கும் முன் ஒரு எடை; எடுத்துக் கழுவிய பின் ஒரு எடை; நடுவில் சாப்பாடு கிடையாது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மகள் பெட்டியை மூடுவாள். தராசம்மா ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கழித்துப்போட்ட எடைப்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள், ஒரு கிராம் வரை காட்டுவது. ஐந்து கோடைகளில் பதினைந்து தடவை நிறுத்தும் ஒரு கிராம் கூடியதில்லை, குறைந்ததில்லை.

ஆறாவது கோடையின் கடைசி நாள், மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்திருப்பதாக மகள் சொன்னாள். ரயிலில் இரண்டு நாள் தூரம். "இனிமே வருஷா வருஷம் வர முடியாதும்மா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முடியுதான்னு பாக்கலாம்" என்றாள். தராசம்மா "அதனாலென்ன, பிள்ளைங்க படிப்புதானே முக்கியம்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பெரியவனை எடுத்தாள், நடுவுள்ளவனை எடுத்தாள். பொடிசுக்கு அப்போது ஒன்பது வயது, டேலியா பக்கத்தில் நின்றிருந்தாள். இடது கால் சுண்டுவிரலுக்கடியில் நூல் மாதிரி ஒரு வேர் ஆழமாகப் போயிருந்தது. தராசம்மா அதை நகத்தால் கிள்ளி மண்ணுக்குள்ளேயே விட்டாள். "பாட்டி, என்னமோ மாட்டிக்கிச்சு" என்றாள் பொடிசு. "ஒண்ணும் இல்லடி கண்ணு, எல்லாம் வந்துடுச்சு." கழுவி, துடைத்து, பலகையில் ஏற்றினாள். பன்னிரண்டு கிராம் குறைந்தது. மகள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிவதற்குள், தராசம்மா பலகையின் ஓரத்தில் தன் கால் கட்டைவிரலை வைத்து, சரியாகப் பன்னிரண்டு கிராமுக்கு அழுத்தினாள். முப்பது வருஷ அனுபவம். புடவை மறைத்துக்கொண்டது.

எதற்காக அந்த வேரை விட்டுவைத்தாளோ அது தராசம்மாவுக்குக் கிடைத்தது, அதைச் சொல்லியாக வேண்டும். பேரன்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்தார்கள், பிறகு மீசை முளைத்து வராமலே போனார்கள். பொடிசு ஒரு கோடை தவறவில்லை. அடம்பிடித்தாள், பட்டினி கிடந்தாள், பன்னிரண்டு வயதில் துணைக்கு யாருமில்லாமல் ரயிலேறி வந்து இறங்கினாள். தோட்டமும் ஆளே மாறிப்போனது. ரோஜா வருஷம் முழுக்கப் பூத்தது. மழையில்லாத வருஷத்திலும் டேலியா வாடவில்லை. அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வேலியோரம் நின்று வாயைப் பிளந்தார்கள். என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டால் தராசம்மா சிரிப்பாள்.

ஆனால் மகளிடமிருந்து கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. பொடிசு நேராகப் படுத்தாலும் விடியும்போது குறுக்கே கிடக்கிறாள், எந்த வீட்டுக்கு மாறினாலும் கால் உன் ஊர் பக்கமே நீட்டியிருக்கிறது என்று எழுதினாள். இடது செருப்பு மட்டும் மாதத்துக்கு ஒன்று தேய்கிறது என்று எழுதினாள். பொடிசு கல்லூரியைப் பாதியில் விட்டாள். வரைபடம் அச்சிடும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, எல்லா வரைபடத்திலும் ஒரே இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றதால் அவளை அனுப்பிவிட்டார்கள். துறைமுகத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக், நல்ல பையன், அவளை விரும்பினான். கல்யாணம் பேசி முடித்துக் கப்பலேறியவள், கப்பல் கரையைத் தாண்டும் முன் கால் இழுக்கிறதென்று இறங்கி வந்துவிட்டாள். "எதுலயும் நிலைக்க மாட்டேங்குறாம்மா, என் வயிறு எரியுது" என்று மகள் தொலைபேசியில் அழுதாள். தராசம்மா அதைக் கேட்டுக்கொண்டு, தொலைபேசியை வைத்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனாள். அடுத்த கோடையில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தாள். அடுத்த கோடை வந்ததும், பிள்ளை ஆசையாக வந்திருக்கும்போது எதற்கு என்று நினைத்தாள். பதினைந்து வருஷம் இப்படியே ஓடியது.

இருபத்து நாலாம் வயதில், கோடை இல்லாத ஒரு மாதத்தில், பொடிசு பெட்டியோடு வந்து நின்றாள். நெடுநெடுவென்று வளர்ந்து, வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். ஆனாலும் தெருவுக்கு அவள் பொடிசுதான். ரேடியோ மெக்கானிக்குக் கடல் தாண்டி ஒரு தேசத்தில் வேலை கிடைத்திருந்தது; கல்யாணம் பண்ணிக்கொண்டு கூடவே வரும்படி மூன்றாவது முறையாகவும் கேட்டிருந்தான். ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். "என்னால முடியாது பாட்டி. எங்க போனாலும் எதையோ வெச்சுட்டு வந்துட்ட மாதிரியே இருக்கு. எனக்குத்தான் ஏதோ கோளாறு. இங்க இருந்தா மட்டும்தான் சும்மா இருக்கு. நான் உன்கூடவே இருந்துடறேனே" என்றாள். பதினைந்து வருஷமாகத் தராசம்மா ஏங்கியது இதற்குத்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாகும்வரை பேத்தி கூடவே இருப்பாள். தராசம்மா எழுந்து போய்ப் பரணுக்கடியிலிருந்து எடைப்பலகையை இழுத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். "உனக்கு ஒரு கோளாறும் இல்ல. கோளாறு என்கிட்டதான்" என்று ஆரம்பித்து, கால் கட்டைவிரல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

பொடிசு குனிந்து பலகையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். "அந்த வெங்காயக்காரன் கடைய பூட்டுனீங்களே பாட்டி" என்றாள். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிய பிள்ளை நீங்க என்று சொன்னது தராசம்மாவுக்கு அறைந்ததுபோல இருந்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் டேலியாவுக்கடியில் கொத்தினார்கள். நூல் மாதிரி விட்டது கட்டைவிரல் பருமனாகி, தோட்டம் முழுக்க ஓடியிருந்தது. ரோஜா, சாமந்தி, சூரியகாந்தி எல்லாவற்றின் வேரும் அதைச் சுற்றிக்கொண்டு, அதிலிருந்தே உறிஞ்சிக்கொண்டிருந்தன. கடிகாரக்காரர் வேலியருகே வந்து பார்த்துவிட்டு, "இதை எடுத்தா தோட்டம் போச்சும்மா. பன்னிரண்டு கிராம்தானே? அத மட்டும் வெட்டிக் குடுத்துடுங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "முழுக்க அவளோடதுங்க. வளர்ந்ததும் அவளோடதுதான்" என்றாள் தராசம்மா. ஒரு செடியையும் காப்பாற்றப் பார்க்காமல், இரண்டு நாள் குனிந்தே இருந்து, ஒரு முனை அறாமல் எடுத்தாள். வெந்நீர் அண்டா அண்டாவாகக் காய்ந்தது. வேர் பொடிசின் குதிகாலுக்குள் ஏறி முடிய ஒரு மத்தியானம் பிடித்தது. அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நிறுத்துப் பார்த்தபோது மூன்று கிலோ நானூறு கூடியிருந்தது. அன்று மாலை டேலியாக்கள் கவிழ்ந்தன. விடிவதற்குள் எல்லாம் உதிர்ந்து, தோட்டம் இருந்த இடத்தில் மண் மட்டும் இருந்தது. பொடிசு அன்றிரவு நேராகப் படுத்து, நேராகவே எழுந்தாள். காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பிப் பார்க்கிறாளா என்று தராசம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள். பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இனி அவளுக்கு இல்லை என்று தராசம்மாவே தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டால் ஆறிவிடுமா, ஆறவில்லை.

கடல் தாண்டிய தேசத்திலிருந்து கல்யாணப் புகைப்படம் ஒன்று வந்தது, பின்னால் ஒரு வரிகூட எழுதாமல். பிள்ளை பிறந்ததும், இரண்டாவது பிறந்ததும் மகள் மூலமாகத் தெரிந்தது. நர்சரியில் நாற்று வாங்கி நட்டாள் தராசம்மா. எல்லோர் வீட்டிலும் போல உள்ளங்கை அளவுக்குப் பூத்தது, உதிர்ந்தது. வேலியோரம் இப்போது யாரும் நிற்பதில்லை. கோடை வந்தால் முக்காலியைத் துடைத்து வெளியே போடுவாள், சாயங்காலம் எடுத்து உள்ளே வைப்பாள். எட்டு கோடை இப்படிப் போனது.

ஒன்பதாவது கோடையில் பொடிசு இரண்டு பிள்ளைகளோடு வந்தாள், பதினோரு நாள் இருக்க. பிள்ளைகள் காலில் இறுக்கிக் கட்டிய ஷூ. "இவங்க மண்ணுல இறங்க வேண்டாம் பாட்டி. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "சரிம்மா" என்றாள் தராசம்மா. பிள்ளைகள் சிமெண்டு விளிம்பில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தன. அவள் முக்காலியை அங்கேயே போட்டுக் கதை சொன்னாள், வெங்காயக்காரன் கதையைத் தவிர மற்றதெல்லாம். பத்தாம் நாள் சின்னவள் ஷூவைக் கழற்றி வீசிவிட்டு டேலியாவுக்குப் பக்கத்தில் போய் நின்று வேர் விட்டாள். நின்ற நிமிஷமே பக்கத்துப் பூ ஒரு விரற்கடை பெரிதானது. ஓடிவந்த பொடிசு மகளின் கணுக்காலைப் பிடித்துப் பார்த்தாள், எங்கே கொத்துவதென்று தெரியவில்லை. தராசம்மா முக்காலியை விட்டு எழவே இல்லை. "ஒரு சாண் தள்ளிக் கொத்துமா. நீயே எடு" என்றாள். பொடிசு மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், சின்னவளைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள். பிறகு வந்து மண்வெட்டியை அவள் மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியல. நீ எடு பாட்டி."

எண்பத்து நாலு வயதுக்கு அது நீண்ட வேலை. வழக்கமாக அரை மணியில் முடிவதை அன்று இரண்டரை மணி நேரம் செய்தாள். கழுவி, துடைத்து, பிள்ளையைப் பலகையில் ஏற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் போய், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை மண்ணில் இறங்கும் முன் நிறுத்து வைத்த எடை என்று ஒன்று இல்லை. ஒப்பிட ஒன்றும் கிடையாது. பொடிசு பலகையைப் பார்க்கவில்லை, பாட்டியின் காலைப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள். மறுநாள் காலை ஏழேகால் பஸ்ஸில் அவர்கள் போனார்கள்.