கொஞ்சமாகக் கொடுத்த எலிகள்

ராயபுரத்து ஜானட் புற்றுநோய் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே எலிகளின் குடிதண்ணீரில் சாயப் பவுடரில் இருக்கும் ஒரு ரசாயனத்தைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அதிகமாக, இன்னொன்றுக்குக் கொஞ்சமாக, மற்றொன்றுக்கு வெறும் தண்ணீர். எவ்வளவு கொடுத்தால் மூத்திரப்பையில் எப்போது கட்டி வருகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு.

அது பாதி நடக்கும்போதே அவள் அப்பா ஸ்டானிஸ்லாஸுக்கு மூத்திரத்தில் ரத்தம் போனது. எர்ணாவூரில் ஒரு சாயக் கம்பெனியில் பவுடர் மூட்டை பிரித்துக் கொட்டியே தலை நரைத்தவர். டாக்டர்கள் புற்றுநோய் என்று சொல்லி மூத்திரப்பையை எடுத்துவிட்டு, மூத்திரம் சேர வயிற்றுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார்.

"உன் எலிங்கோ இன்னா ஆச்சு?"

அன்றுதான் கடைசி எலிகளை மயக்கிக் கொன்று, அறுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஜாஸ்தி குடுத்ததுக்கு சீக்கிரமே வந்துடுச்சு நைனா."

"கொஞ்சமா குடுத்ததுக்கு?"

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வாய் வரவில்லை.

"அல்லாத்துக்கும் வரல. சிலதுக்கு வந்துகீது. லேட்டா."

அவர் கஞ்சியைத் தள்ளி வைத்தார்.

"பவுடரு கொஞ்சம்தான் மூக்குல ஏறும், ஒண்ணியும் ஆவாதுன்னு சொல்லி, உன் தம்பி அலெக்ஸ நான்தானே அதே கம்பெனில இட்டுகினு போய் சேர்த்துவுட்டேன்..."

மறுநாள் மத்தியானம் தம்பி அலெக்ஸாண்டர் போன் செய்தான். "அக்கா, நைனா கம்பெனி கேட்டாண்ட வந்து நின்னுகினு கீறாரு. சீக்கிரம் வா."

ஜானட் ஆட்டோ பிடித்து ஓடினாள். லாரிகள் கிளப்பிய புழுதியில், லுங்கிக்குள் அந்தப் பையைக் கையால் பிடித்தபடி நின்றிருந்தார் அப்பா. எதிரே மஞ்சள் சாயம் படிந்த சட்டையோடு தம்பி.

"அல்லாரும் பாக்குறாங்கோ நைனா. வூட்டுக்குப் போ. நான் மாஸ்க் போட்டுகினுதான் கீறேன்."

"வேணாம்டா கண்ணு. வந்துரு."

"வேற வேல யாரு குடுப்பா?"

ஸ்டானிஸ்லாஸ் பெற்ற பிள்ளையின் காலைத் தொடக் குனிந்தார். குனிய முடியாமல் சரிந்தவரை அலெக்ஸ் தாங்கிப் பிடித்தான். "இன்னா நைனா இது, இன்னா நைனா" என்று அழுதான். அப்படியே அவரை ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

தவக்காலம் முடிவதற்குள் ஸ்டானிஸ்லாஸ் இறந்துபோனார். காசிமேட்டில் அடக்கம் செய்தார்கள். அலெக்ஸுக்கு ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது.

மூத்திரப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஜானட் அவனைக் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். "எனக்கு ஒண்ணியும் இல்லக்கா" என்று தட்டிக்கழித்தவன், ஒரு நாள் அவனாகவே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நீட்டிய சின்ன டப்பாவை வாங்கிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினான்.

"நீ வெளியவே நில்லுக்கா. போய்டாத."

"இங்கயேதான்டா கீறேன்."

கழிப்பறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.